திருப்பி வைத்துப் பார்க்காத மட்டம்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளைத் திருப்பியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே வழிவிட்டு நிற்பாள்.

பெயர் வந்த கதைக்கு முன்னால் ரசமட்டம் என்ற கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கை நீளத்துக்கு ஒரு கட்டை. அதன் நடுவில் சின்னக் கண்ணாடிக் குழல். குழலுக்குள் கொஞ்சம் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும். தளத்தின் மேல் வைத்தால், குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். நின்றால் தளம் சமம். ஒதுங்கினால் சரிவு; குமிழி போகிற பக்கம் மேடு. கொத்தனார்கள் அந்தக் குமிழியை நம்பித்தான் வீடு கட்டுகிறார்கள். நாம் கொத்தனார்களை நம்பிப் படுத்துத் தூங்குகிறோம்.

திருப்பியக்கா வேலைக்கு வந்தது சித்தாளாக. ஒன்பது வருடம் சாந்துச் சட்டி சுமந்தாள். சட்டியை இறக்கி வைக்கும் அந்த இரண்டு நொடியில் கொத்தனார் கையைப் பார்ப்பாள். கரண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, கல்லை எத்தனை தட்டுத் தட்டுகிறார், எப்போது ஒரு கண்ணை மூடுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஒரு நாள் கொத்தனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் படுத்திருந்த நேரத்தில் இவள் இரண்டு வரிசை கல் வைத்துவிட்டாள். எழுந்து வந்தவர் அதன் மேலேயே மூன்றாவது வரிசையை ஆரம்பித்தார். சட்டி சுமந்த கையில் கரண்டி ஏறியது அப்படித்தான்.

பிறகு அவள் பழைய சாமான் கடையில் ஒரு மரக்கட்டை ரசமட்டம் வாங்கினாள். முதல் வாரமே அது அவளை ஏமாற்றியது. ஒரு சன்னல் திண்டில் வைத்துப் பார்த்தபோது குமிழி இடது பக்கம் ஒதுங்கியது. ஒட்டியிருந்த சாந்தைத் துடைத்துவிட்டு, தெரியாமல் முனை மாற்றி வைத்தாள். குமிழி வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. திண்டு அதேதான், கல் அதேதான். குமிழி மட்டும் கட்சி மாறிவிட்டது. சாப்பாட்டு நேரம் முழுவதும் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கட்டை நல்லதாக இருந்தால், எந்த முனையை எப்படி மாற்றி வைத்தாலும் குமிழி ஒரே பக்கத்தைத்தான் காட்ட வேண்டும் என்று அவளுக்கு விளங்கியபோது சோறு ஆறிப்போயிருந்தது. குழலின் அடியில் காகிதத்தை மடித்து வைத்துத் தானே சரி செய்தாள். அன்றிலிருந்து யார் மட்டத்தைக் கையில் வாங்கினாலும் முதல் வேலை, ஒரு தரம் வைப்பது, முனை மாற்றி மறுபடி வைப்பது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் திருப்பிப் பாத்துக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அசடு. அதான் நம்பிக் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

அவளுடைய கணவருக்கு முடிதிருத்தும் கடை. அவர் காதில் இந்தப் பேச்சு விழுந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. "நானும்தான் ரெண்டு கிருதாவும் சமமான்னு பாக்கத் தலையைத் திருப்பறேன். எனக்கு யாராவது பேர் வச்சாங்களா?" என்றுதான் வருத்தப்பட்டார்.

இருபத்தாறு வருட வேலையில் அவள் கட்டியதைப் பிரித்துக் கட்டச் சொன்னவர் யாருமில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அப்படி ஒரு காரியம் நடந்தது.

மேஸ்திரி முப்பது பேரை வைத்து வேலை பார்ப்பவர். மருத்துவமனைக்குப் புதிதாக மூன்று மாடிக் கட்டடம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்குத் தலைமைக் கொத்தனார் யார் என்று ஒரு மாதமாகப் பேச்சு. நெட்டைக் கொத்தனாருக்குத்தான் என்று பலரும், முக்கியமாக நெட்டைக் கொத்தனாரும், நினைத்திருந்தார்கள். அன்று சாமான்கள் வைக்கும் முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, மேஸ்திரி வண்டியிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ரசமட்டத்தை எடுத்தார். மஞ்சள் நிற அலுமினியம், கம்பெனி எழுத்துப் பளபளத்தது.

"ஆஸ்பத்திரி வேலைக்கு இந்தம்மாதான் தலைமை. இவங்க சொல்றபடி கேட்டுக்கங்க. இந்தாம்மா, அந்தப் பழைய கட்டையத் தூக்கிப் போடு."

கை தட்டினார்கள். முப்பது பேருக்கு ஒரு பெண் தலைமை தாங்குவது அந்த வட்டாரத்தில் அதுவரை நடக்காத காரியம். உறையைப் பிரித்த அவள் கை, பழக்க தோஷத்தில், பக்கத்திலிருந்த கல் மேடையை நோக்கிப் போனது. அப்போது பார்த்து நெட்டைக் கொத்தனார் கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னக்கா, மேஸ்திரி குடுத்ததையுமா திருப்பிப் பாக்கப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார்; ஆனால் கண் சிரிக்கவில்லை. அவள் கை பாதி வழியில் நின்றது. மட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணே குடுத்ததை எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

மருத்துவமனை வேலை தொடங்கப் பதினைந்து நாள் இருந்தது. இடையில் ஒரு சின்ன வேலை. மாடி வீடு ஒன்றில் தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மாவின் அறைக்கு டைல்ஸ் தரை போட வேண்டும். அந்த அம்மா ஒரு அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகச் சொற்களைச் சீட்டுகளில் எழுதி, இரும்பு அலமாரிகளின் உருளையில் ஓடும் இழுப்பறைகளில் எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். திருப்பியக்காவுக்குச் சாந்து கலந்து கொடுப்பது அவளுடைய தம்பி மனைவி. வாய் சும்மா இருக்காது.

"அகராதி பிடிச்சவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணி. அகராதி எழுதறவங்களை இப்பத்தான் பாக்கறேன்."

"மெதுவாப் பேசுடீ. அதுக்கும் ஒரு சீட்டு எழுதிடப் போறாங்க."

"எழுதியாச்சு. 'அ'வுல பாருங்க" என்று அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது.

சின்ன அறைதான். பெரிய தரையென்றால் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் குறிப்பாள். ஒளி ஊடுருவும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அது யாருக்கும் பயந்து பேசாது. இந்த அறைக்கு அது வேண்டாம் என்று நினைத்தாள். கையில்தான் புது மட்டம் இருக்கிறதே. நீளவாக்கில் பழைய வாசற்படியிலிருந்து நூல் பிடித்தாள். குறுக்கே மட்டத்தை வைத்தாள். கம்பெனி எழுத்துத் தன்னைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை. அதனால் அறையின் கோடியிலிருந்து வாசல் வரைக்கும், ஒவ்வொரு முறையும், ஒரே முனை சன்னல் பக்கமாகவே வைத்தாள். நான்கு நாளில் தரை முடிந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. இரும்பு அலமாரிகளைச் சன்னல் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மாலை அகராதியம்மா கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான். பாராட்டி, தேநீர் கொடுத்து, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று ஒரு இழுப்பறையை முக்கால்வாசி மூடிவிட்டுக் கையை எடுத்தார். இழுப்பறை ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல வெளியே வந்து, முழுவதும் திறந்து நின்றது.

"பாத்தீங்களா? வயசான அலமாரி. எடம் மாத்தினதுல கோவம் வந்துருச்சு" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு இழுப்பறையை அதேபோல விட்டுப் பார்த்தாள். அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்று இழுப்பறைக்கு ஒரே நாளில் எப்படிக் கோபம் வரும்? பையிலிருந்த மஞ்சள் மட்டத்தை எடுத்துத் தரையில் குறுக்கே வைத்தாள். குமிழி நடுவில், சமர்த்தாக நின்றது. அகராதியம்மா தேநீர்க் கோப்பையைக் கழுவ உள்ளே போயிருந்தார். அவள் மட்டத்தை முனை மாற்றி வைத்தாள்.

குமிழி சன்னல் பக்கம் ஓடி, கோட்டைத் தாண்டி நின்றது.

"நாளைக்கு வந்து பாக்கறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். 

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கணவர் ஒரு வார்த்தை கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினாள். தரை சன்னல் பக்கம் உயர்ந்து, எதிர்ச்சுவர்ப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நடந்தால் தெரியாது. அந்த அம்மாவே அலமாரி மேல் பழியைப் போட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து நாளில் மருத்துவமனை வேலை. வாயைத் திறந்தால், மேஸ்திரி எல்லார் முன்னாலும் கொடுத்தது கெட்ட மட்டம் என்று ஆகும். கொடுத்தவருக்கும் தலைகுனிவு, திருப்பாமல் வாங்கிக்கொண்ட இவளுக்கும் தலைகுனிவு. நெட்டைக் கொத்தனாருக்கு மட்டும் நல்ல நாள்.

"சொல்லாம விட்டா என்ன?" என்று கேட்டாள். தன்னைத்தானே கேட்பது போலத்தான் கேட்டாள்.

"விடலாமே" என்றார் கணவர். "ஆனா சொல்லலேன்னா உனக்குத் தூக்கம் வராது. நீ புரண்டு புரண்டு படுத்தா எனக்கும் வராது. காலையில கை நடுங்கிச்சுன்னா எவன் காதாவது போயிரும். அந்தக் காதுக்காகவாவது சொல்லித் தொலை."

காலையில் தண்ணீர்க் குழாயோடும் தம்பி மனைவியோடும் போனாள். ஒரு முனையை அவளிடம் கொடுத்துச் சன்னல் சுவரில் பிடிக்கச் சொன்னாள். மறு முனையை எதிர்ச்சுவரில் தானே பிடித்தாள். இரண்டு இடத்திலும் தண்ணீர் நின்ற உயரத்தைக் குறித்து, அங்கிருந்து தரைக்கு அளந்தாள். முக்கால் அங்குல வித்தியாசம்.

"அம்மா, கோளாறு அலமாரியில இல்ல. தரையில. நான் போட்டது சரியில்ல. பேத்து மறுபடி போடணும்" என்றாள்.

அகராதியம்மா பதறிப்போனார். "அய்யய்யோ, மறுபடி எல்லாத்தையும் நகத்தறதா? அலமாரிக்கு அடியில ஒரு அட்டையை மடிச்சு வச்சாப் போகுது. எத்தனையோ சீட்டு கிடக்கு."

"அட்டை வச்சா அலமாரி நேராயிரும்மா. தரை ஆகாது."

"எனக்குத் தெரியலையே, கொத்தனாரம்மா. நான் குறையே சொல்லலையே."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

தம்பி மனைவி வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அவங்களே வேணாம்னு சொல்லும்போது உங்களுக்கு என்ன அண்ணி வந்துச்சு? முப்பது பேரு வாயில விழணுமா?"

"விழுந்தாத் தட்டிவிட்டு எந்திரிச்சுக்கலாம். நீ உளியை எடுத்து வை."

அங்கிருந்து நேராக முற்றத்துக்குப் போனாள். ஏழரை மணி, ஆட்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். தனியாகச் சொல்லவும் செய்தாள். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது.

"புது மட்டம்மா அது! நீ சரியா வைக்கத் தெரியாம வச்சிருப்ப. நானே போய்ப் பாத்து வாங்கினது" என்று அவர் போட்ட சத்தத்தில் வண்டி மேல் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தனிமை போய்விட்டது. இனி ஒரே வழிதான். அவள் அன்றைக்கு வைக்காமல் விட்ட அதே கல் மேடையில் மட்டத்தை வைத்தாள்.

"பாத்துக்கங்கண்ணே."

குமிழி தெருப் பக்கம் ஒதுங்கியது. முனை மாற்றி வைத்தாள். குமிழி சுவர்ப் பக்கம் ஓடியது. மேடை நகரவில்லை. நெட்டைக் கொத்தனார்தான் முதலில் இருமினார்.

"அன்னைக்கே திருப்பியிருந்தா இந்த வம்பே இல்லையேக்கா" என்றார். குரலில் கேலி பாதி, நிஜம் பாதி.

"ஆமா. அன்னைக்குத் திருப்பாதது என் தப்புத்தான். மட்டம் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

மேஸ்திரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் வழியாகச் சொன்னார்: "தரையை முடிச்சுட்டு வா. ஆஸ்பத்திரிக்கு நெட்டையன் போகட்டும்."

வண்டி போனது. அவள் மட்டத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். முற்றத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

தரையைப் பெயர்ப்பது போடுவதைவிடக் கடினம். டைல்ஸ் ஒவ்வொன்றின் விளிம்பிலும் உளி கொடுத்து, உடையாமல் நெம்ப வேண்டும். தானே ஆசையாக ஒட்டியதைத் தானே நெம்பும்போது கை கொஞ்சம் மறுக்கத்தான் செய்தது. அடுத்த அறையில் அகராதியம்மா கட்டில் மேல், சீட்டுக் கட்டுகளுக்கு நடுவில் தீவு மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க வந்து இடிச்சதுல ஒரு சீட்டு கையில வந்து மாட்டிக்கிச்சு. 'நேர்மை'. பொருள் என்னன்னு ஒரு வரியில எழுத முடியாம மூணு வருசமா ஒதுக்கி வச்சது."

"அதுல என்னம்மா கஷ்டம்?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும்ல? இது 'நேர்'லேருந்து வந்தது. நேர்னா வளையாதது. சமமா இருக்கறதுக்கும் நேர்தான், எதிர்ல நிக்கறதுக்கும் நேர்தான். 'நாணயமான ஆளு'ங்கறோம், அது காசுங்கற பொருள்லேருந்து வந்தது. இங்கிலீஷ்ல இதுக்கு 'ஆனஸ்ட்'னு ஒரு சொல்லு இருக்கு, அது 'ஆனர்'ங்கற மரியாதைச் சொல்லுலேருந்து வந்தது. ஊர் யாருக்கு மரியாதை குடுக்குதோ அவன்தான் முதல்ல அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன். அப்புறந்தான் பொய் சொல்லாதவன்னு பொருள் மாறிச்சு."

உளிச் சத்தம் நின்றது.

"மரியாதை பாத்துத்தாம்மா இந்தத் தரையே கோணிப் போச்சு" என்றாள் திருப்பியக்கா.

அகராதியம்மா முதலில் புரியாமல் விழித்தார். முற்றத்தில் நடந்த கதையை இவள் சொல்லச் சொல்ல, கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார். கதை முடியும் வரைக்கும் எதுவும் எழுதவில்லை. பிறகு கேட்டார்: "நீங்க என்ன சொல்வீங்க, நேர்னா?"

அவள் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தாள். "படிச்சவங்க நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், எதுவும் தானா நேரா இருக்காதும்மா. நூலே வெயில்ல தொய்யும். பாத்துக்கிட்டே இருக்கணும். பாக்கறதை எதால பாக்கறோமோ, அதையும் பாக்கணும்."

"அண்ணி, பேச்சு போதும், சாந்து இறுகுது" என்றாள் தம்பி மனைவி.

இந்த முறை ஐந்து நாள் ஆனது. பழைய மரக்கட்டை மட்டத்தை வைத்துப் போட்டாள். இரண்டு வரிசைக்கு ஒரு தரம் தண்ணீர்க் குழாயும் பிடித்துச் சரி பார்த்தாள். கடைசி நாள் அலமாரிகளை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தபோது மாடிப் படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. மேஸ்திரி. அகராதியம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். தன் சொந்த மட்டத்தைத் தரையில் குறுக்கே வைத்தார். குனிந்து பார்த்தார். பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்து, முனை மாற்றி வைத்தார். மூன்று இடத்தில் அப்படிப் பார்த்தார். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நாளைக்குக் காலையில முற்றத்துக்கு வந்துரு."

"எதுக்குண்ணே?"

"நம்மகிட்ட மொத்தம் பதினோரு மட்டம் இருக்கு. எல்லாத்தையும் வரிசையா வைக்கச் சொல்லியிருக்கேன். நேத்து நான் ரெண்டைத் திருப்பிப் பாத்தேன். அதுலயே ஒண்ணு…" அவர் முடிக்கவில்லை. "அதை வச்சு என்னென்ன கட்டினோம்னு பாக்கணும். உன்னால ஆகும்."

"அப்ப ஆஸ்பத்திரி?"

"நெட்டையன்கிட்டச் சொன்னது சொன்னதுதான். மாத்த மாட்டேன்." படி இறங்கப் போனவர் நின்றார். "ஆனா அங்க எந்த மட்டமும் நீ பாத்துக் குடுக்காம உள்ள போகாது. அதையும் அவன்கிட்டச் சொல்லிட்டேன்."

பதினொன்றில் நான்கு கெட்டவை. அதில் ஒன்றை வைத்துக் கட்டிய ஒரு படிக்கட்டை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் காலையில் எல்லாரும் தங்கள் மட்டத்தைக் கல் மேடையில் வைப்பதும், அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக் கையில் கொடுப்பதும் அந்த முற்றத்தின் வழக்கமாகிவிட்டது. முதல் மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு வேறு குழுக்களைச் சேர்ந்தவர்களும் மட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். மருத்துவமனைக் கட்டடம் நெட்டைக் கொத்தனார் தலைமையில் நன்றாகவே எழுந்தது. தலைமை என்ற பட்டம் அவளுக்குக் கிடைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. கிடைத்த அன்று மேஸ்திரி ஒரு புது மட்டம் கொடுத்தார். அவள் அதை வாங்கி, அவர் எதிரிலேயே, கல் மேடையில் இரண்டு முறை வைத்தாள். மேஸ்திரி கைகட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அது பின்னால். அகராதியம்மாவின் அறையில், தரை முடிந்த அன்றைக்கு, மேஸ்திரி போன பிறகு, அவள் ஒரு இழுப்பறையைப் பாதி திறந்துவிட்டுக் கையை எடுத்தாள். தம்பி மனைவி சாந்துச் சட்டியைக் கழுவி வந்தாள். அகராதியம்மா 'நேர்மை' சீட்டை எழுதி முடித்து, மை காய ஊதிக்கொண்டே வந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"நிக்குதான்னு."

மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். இழுப்பறை அசையவில்லை. அகராதியம்மா தன் சீட்டை அதற்குள், அதனுடைய இடத்தில், செருகினார். பிறகு அதை மூட ஒரு விரல் போதுமாக இருந்தது.